துளசித் தண்ணீர்

அந்த ஷெட்டில் வேலை செய்கிறவர்களைக் கண்ணை மூடிக்கொண்டே பஸ்ஸில் அடையாளம் கண்டுவிடலாம். கிராம்பையும் மிளகையும் ஒன்றாக வெயிலில் போட்ட மாதிரி ஒரு வாசனை அவர்கள் தலைமுடியிலும் நகக்கண்ணிலும் ஒட்டிக்கிடக்கும். எந்த சோப்புக்கும் போகாது. காய்ந்த துளசியின் வாசனை அது. மூட்டை மூட்டையாக வந்து இறங்குவதைத் தரையில் கொட்டி, காம்பு வேறு இலை வேறாகப் பொறுக்கி, மூன்று சல்லடையில் சலித்து இயந்திரத்துக்கு அனுப்பினால், மறுமுனையில் நூல் கட்டிய சின்னச் சின்னப் பைகளாக வந்து விழும். பெட்டிமேல் பச்சை எழுத்தில் 'கஃபீன் இல்லாத மூலிகைத் தேநீர்' என்று போட்டிருக்கும்.

டிரைவரம்மா அங்கே பதினோரு வருஷமாகக் காம்பு பொறுக்குகிறாள். புருஷன் லாரி ஓட்டுகிறவர் என்பதால் அந்தப் பெயர். மேசையில் அவளுக்கு எதிரே உட்காருகிறவள் சின்னவள். இருக்கிறவர்களில் வயது குறைந்தவள் என்பதால் அவளுக்கு இந்தப் பெயர். சின்னவளின் புருஷன் அதே லாரியில் லோடுமேன். கொடிக்கம்பி மாதிரி இருப்பான். ஆனால் இரண்டு சிமெண்டு மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு, வழியில் நிற்கிறவனிடம் நின்று நலம் விசாரித்துவிட்டுப் போவான். எல்லாருக்கும் அவன் ஒல்லி.

ஆண்கள் இருவரும் ஒரு லாரியில், பெண்கள் இருவரும் ஒரு மேசையில். ஒருத்தி வீட்டில் கறி வெந்தால் இன்னொருத்தி வீட்டுக்கு ஒரு கிண்ணம் போகும். இரண்டு வீடும் ஒரே தெரு, நடுவே ஆறு வீடு.

ஒரு மழைக்காலத்தில் டிரைவருக்கு நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. மாடி ஏறினால் என்றில்லை, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வந்தது. டாக்டர் மார்பில் ஒயர்களை ஒட்டிப் பார்த்துவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று கேட்டார்.

"நாலஞ்சு இருக்கும்," என்றார் டிரைவர்.

"வீட்ல மட்டும் நாலு டாக்டர்," என்றாள் டிரைவரம்மா. "வெளியில குடிக்கிறது அவருக்கே தெரியாது."

டாக்டர் சிரிக்கவில்லை. துடிப்பு ஒழுங்காக இல்லை, மாத்திரை எழுதித் தருகிறேன், உங்களுக்கு டீயும் காப்பியும் ஒத்துக்கொள்ளவில்லை, அடியோடு விட்டுவிடுங்கள் என்றார்.

திரும்பி வரும்போது டிரைவர் பஸ் நிறுத்தம்வரை முன்னால் நடந்தார். அங்கே வந்து நின்றதும் சொன்னார்:

"வண்டிக்கு டீசல், எனக்கு டீ. ரெண்டுல எதை நிறுத்தினாலும் நகராது பாத்துக்க."

"நெஞ்சு நின்னாலும் நகராதுங்க."



ஷெட்டில் சனிக்கிழமைகளில், பைக்கு ஆகாத உடைசல் இலையை வேலைக்காரர்கள் ஆளுக்கு ஒரு பொட்டலம் எடுத்துப்போகலாம். அதுவரை டிரைவரம்மா எடுத்ததில்லை. நாளெல்லாம் மூக்கில் ஏறுவதை வீட்டிலும் எதற்கு என்பாள். அந்த வாரம் எடுத்துவந்தாள். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, இரண்டு கரண்டி இலையைப் போட்டு, தட்டால் மூடி, வாசலைப் பெருக்கி முடிக்கிற நேரம் அப்படியே விட்டாள். வடிகட்டியபோது இளம் மஞ்சளில் பச்சை கலந்தாற்போல ஒரு நிறம். டிரைவர் டம்ளரைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிச் சாவிக்காக வந்த ஒல்லிக்கும் ஒரு டம்ளர் கிடைத்தது.

"இது என்ன, சளிக்குக் குடுக்கிற கஷாயமா?" என்றார் டிரைவர்.

"டீதான். நாங்க அனுப்புறதை வெளிநாட்டுல கப்பல்லேர்ந்து இறக்கி வாங்கிக் குடிக்கிறாங்க தெரியும்ல."

"அவங்க யாரும் லாரி ஓட்டமாட்டாங்க போல."

ஒல்லி ஒரே மூச்சில் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தான். "நல்லாத்தான் இருக்கு அண்ணி. தொண்டைக்கு இதமா இருக்கு. சளி போயிரும். தூக்கம் போகுமான்னுதான் தெரியல."

"தூக்கம் வந்தா வண்டியை ஓரங்கட்டித் தூங்கச் சொல்லு உங்க அண்ணனை. தூக்கத்தை டீ ஊத்தி விரட்டணும்னு யாரு சொன்னா?"

"கேட்டுக்கங்கண்ணே, அண்ணி உத்தரவு," என்றான் ஒல்லி.

டிரைவர் பெரிய பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போனார். இனிமேல் டீயைக் கையால் தொடமாட்டேன் என்று வாசலில் நின்று சொன்னார். அவள் நம்பினாள். இருபத்துமூன்று வருஷத்தில் அவர் பெரிய பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை. சின்னச் சின்னப் பொய்கள் உண்டு. அதை அவரால் முகத்தில் மறைக்கமுடியாது.

ஐந்து மாதம் அப்படிப் போனது. படபடப்பும் குறைந்திருந்தது.

வெயில் காலத்தில் ஒரு நாள், பிற்பகல் மூன்றரை மணிக்கு மேற்பார்வையாளர் மேசைக்கு வந்தார். கூரைத் தகரம் காய்ந்து, தூசு காற்றில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்த நேரம். கையில் செல்போன். யாரையும் பார்க்காமல், "நீங்க ரெண்டு பேரும் கிளம்புங்க" என்றார். இருவரும் எழுந்தார்கள். எங்கே என்று கேட்கவில்லை. அவர்கள் இரண்டு பேரையும் சேர்த்து அழைக்க ஊரில் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு காவலாளி நோட்டைப் பார்த்து ஒருத்தியை மாடிக்குப் போகச் சொன்னான். இன்னொருத்தியைப் பின்கட்டுக்குப் போகச் சொன்னான். சின்னவள் பின்கட்டுக்குப் போனாள். அங்கே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. நேராக நடந்தாள். மாடிப்படியில் நின்று பார்த்த டிரைவரம்மாவுக்குத் தெரிந்தது. 

நடந்தது இதுதான். நேரான சாலை. பழுதாகி ஓரத்தில் நின்றிருந்த ஒரு டிரெய்லரின் பின்பக்கத்தில் லாரி போய் மோதியது. ஒல்லி உட்கார்ந்திருந்த பக்கம் முழுக்க உள்ளே போய்விட்டது. டிரைவருக்குத் தோள் எலும்பு முறிந்து, நெற்றியில் பதினாலு தையல். பிரேக் போட்ட தடமே சாலையில் இல்லை.

"கண்ணசந்துட்டேன்," என்று அவரே போலீஸிடம் சொன்னார்.

மூன்றாம் நாள் போலீஸ் ஒரு பிளாஸ்டிக் பையில் சாமான்களைக் கொண்டுவந்து கட்டிலடியில் வைத்தது. சட்டை, செருப்பில் ஒன்று, மூக்குக்கண்ணாடிக் கூடு, பிளாஸ்க். டிரைவரம்மா பிளாஸ்க்கை எடுத்து மூடியைத் திறந்தாள். நசுங்கியிருந்ததே தவிர ஒழுகவில்லை. உள்ளே ஒரு சொட்டு இல்லை. அடியில் நாலு இலைத்துணுக்கு ஒட்டியிருந்தது.

"முழுசும் குடிச்சீங்களா?" என்று கேட்டாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான்தான். நான்தாங்க பண்ணேன். டீயை நிறுத்திட்டு இந்தத் தண்ணியைக் குடுத்தேன். ஒல்லி அன்னிக்கே சொன்னான். தூக்கம் போகாதுன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான்."

டிரைவர் வாயைத் திறந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று அவள் குனிந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது. தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து அவள் புகட்டினாள். குடித்துவிட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்தவர்கள் இதைக் கேட்டார்கள். லாரி ஷெட்டிலிருந்து பார்க்க வந்தவர்களும் கேட்டார்கள். ஒரு வாரத்தில் தெருவெல்லாம் அதுதான் பேச்சு. பாவம் அந்த மனுஷன், முப்பது வருஷம் டீயைக் குடிச்சு ஓட்டினவன், பொண்டாட்டி பேச்சைக் கேட்டுப் பச்சிலைத் தண்ணி குடிச்சுத் தூங்கிட்டான். வீட்டுக்கு வந்து தோளில் கட்டோடு உட்கார்ந்திருந்தவரிடம் இதையே நேரிலும் சொன்னார்கள். அவர் தலையைக் குனிந்துகொள்வார். துக்கத்தில் குனிகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

டிரைவரம்மா சின்னவளின் வீட்டுக்கு நடந்தாள். தினமும் நடந்தாள். தண்ணீர் பிடித்து வைத்தாள், துணி துவைத்தாள், ஒல்லியின் மகளுக்குத் தலை பின்னினாள். ஐந்து வயசு அதுக்கு. முதல் வாரத்திலேயே சின்னவளின் காலடியில் உட்கார்ந்து, "என் கையால குடுத்ததுதான் உன் புருஷனைக் கொண்டுபோயிருச்சு" என்று சொல்லியிருந்தாள். சின்னவள் திட்டியிருந்தால், கையை ஓங்கியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து 'அக்கா' என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

வழக்கு கோர்ட்டில் கிடந்தது. லைசென்ஸ் போலீஸிடம். டிரைவர், துளசி ஷெட்டுக்கு இரண்டு கட்டிடம் தள்ளியிருந்த எடை மேடையில் பகல் காவலுக்குச் சேர்ந்தார். லாரிகள் வந்து ஏறும், எடை எண்ணைப் பார்த்து எழுதுவார், இறங்கிப் போகும். இடது தோள் மேலே ஏறாது. வீட்டில் டீயும் கிடையாது, துளசியும் கிடையாது. டிரைவரம்மா வெந்நீர் மட்டும் வைத்தாள். அவளும் அதையே குடித்தாள். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கருத்துவிட்டது.

"கொஞ்சம் சாப்பிடு," என்பார்.

"இறங்கலைங்க."

ஏழு மாதம் இப்படி.

ஒரு நாள் அவள் சாப்பாட்டுத் தூக்கை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டாள். மத்தியான இடைவேளையில் டிரைவர் அதை எடுத்துக்கொண்டு துளசி ஷெட்டுக்குப் போனார். மற்றப் பெண்கள் மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே சலிக்கும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

மூன்றாம் சல்லடை என்பது யாரும் விரும்பாத வேலை. மாவுபோல் தூள் எழும்பும். முறை வைத்து ஆளுக்கு ஒரு நாள் நிற்பார்கள். சின்னவளின் முறை வந்தபோதெல்லாம் டிரைவரம்மாதான் நின்றாள் என்பது அவருக்குத் தெரியாது. இப்போது அவள் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு சல்லடையை ஆட்டிக்கொண்டிருந்தாள். நாலு ஆட்டு, ஒரு இருமல். சின்னவள் சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"இந்த மூட்டையும் இருக்கு," என்றாள்.

"அதையும் முடிச்சிடுறேன்மா."

"இருமுறதை அந்தப் பக்கம் திரும்பி இரும்பு. இலையில படுது."

"சரிம்மா."

"குடிக்கிறவங்களுக்கு ஏதாவது ஆயிரப்போகுது. நீ குடுத்துக் குடிச்சவங்களுக்கு ஆனது போதும்."

டிரைவரம்மா சல்லடையை ஆட்டுவதை நிறுத்தவில்லை. டிரைவர் தூக்கை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுத் திரும்பினார். எடை மேடைக்கு வந்தவர் அன்று பிற்பகல் இரண்டு லாரியின் எடையைத் தப்பாக எழுதினார்.

சாயங்காலம் அவள் வந்து கைகால் கழுவி, அரிசி களைய உட்கார்ந்தபோது அவர் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தார். தோள் முறிந்ததிலிருந்து அவர் தரையில் உட்கார்ந்ததில்லை.

"எதுக்குக் கீழ உக்காருறீங்க? எந்திரிக்க முடியாது."

"அன்னிக்கு நான் அதைக் குடிக்கல," என்றார்.

"எதை?"

"உன் துளசித் தண்ணியை."

அவள் கை அரிசியில் நின்றது.

"பிளாஸ்க் காலியா இருந்துச்சே."

"கீழ ஊத்திட்டேன். சாப்பிட்ட கடையில. கொஞ்ச நாளாவே அப்படித்தான். வீட்லேர்ந்து எடுத்துட்டுப் போவேன், ரோட்ல ஊத்திருவேன்."

"அப்புறம்?"

"டீ குடிச்சேன். அன்னிக்கு ரெண்டு. ஸ்ட்ராங்கா போடச் சொல்லி."

 வெளியே யாரோ சைக்கிளை நிறுத்தி ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது.

"டீ குடிச்சுட்டா தூங்கினீங்க?"

"மூணு நாளா சரியாத் தூங்கல. அடுத்தடுத்து லோடு நடை. வேணாம்னு சொல்லியிருக்கலாம், முடியும்னு எடுத்தேன். அந்தக் கடைக்குப் பின்னால மரம், கயித்துக்கட்டில் எல்லாம் கிடந்துச்சு. ஒல்லி சொன்னான், அண்ணே ஒரு மணி நேரம் சாஞ்சுட்டுப் போலாம், உங்க கண்ணு செவந்து கிடக்குன்னு."  அவர் இடது தோளைப் பிடித்துக்கொண்டார். "நான்தான், டீ அடிச்சாச்சுல்ல, ஒண்ணும் ஆகாது, ஏறுடான்னேன்."

"ஏறினானா?"

"ஏறினான். நான் சொல்லி எதை அவன் செய்யாம இருந்தான்?"

அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்து மூடியைத் தட்டியது. அவள் எழுந்து அணைத்துவிட்டு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அழவில்லை.

"ஆஸ்பத்திரியில கேட்டேனே. முழுசும் குடிச்சீங்களான்னு உங்க மூஞ்சியைப் பாத்துக் கேட்டேனே."

"சொல்லத்தான் நினைச்சேன்."

"நினைச்சீங்க."

"முதல்ல பயம். அப்புறம்... நீ உன்மேல போட்டுக்கிட்டே. ஊரும் அப்படியே பேசுச்சு. எனக்கு அதுல ஒளிஞ்சுக்க இடம் கிடைச்சுப் போச்சு. இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... ஒவ்வொரு நாள் போகப்போக வாய் இன்னும் அடைச்சுது."

"ஏழு மாசம்."

"ஆமா."

"பக்கத்துல படுத்திருந்தீங்க. நான் தூங்கறேனா இல்லையான்னு உங்களுக்குத் தெரியும்."

அவர் தலையைக் குனிந்தார்.

"குனியாதீங்க. இவ்வளவு நாள் குனிஞ்சது போதும்," என்றாள். குரல் ஏறவில்லை. "அவகிட்டப் போய்ச் சொல்லுங்க. எனக்குச் சொன்ன மாதிரியே, ஒரு வார்த்தை விடாம. கயித்துக்கட்டிலையும் சொல்லுங்க."

"நீயும் வர்றியா?"

"நான் எதுக்கு வரணும்?"

மறுநாள் காலை அவர் தனியாகப் போனார். சின்னவள் மகளுக்கு ரொட்டியைப் பாலில் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் ஆண்பிள்ளைச் செருப்பு ஒன்று இன்னமும் கதவோரம் கிடந்தது. உட்காரச் சொன்னாள். அவர் நின்றுகொண்டே சொன்னார். சொல்லி முடிக்கிறவரை அவள் ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்தவில்லை. கிண்ணம் நிறைந்து வழிந்தது. குழந்தை அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தியது.

வழிந்த பாலைத் துடைத்துக்கொண்டே, "அவரும் குடிச்சாரா?" என்று கேட்டாள்.

"என்னம்மா?"

"டீ. அவரும் குடிச்சாரா அந்தக் கடையில?"

"குடிச்சான்."

"சக்கரை தூக்கலாப் போட்டா?"

"ரெண்டு கரண்டி கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டான்."

அவள் தலையை ஆட்டினாள். கிண்ணத்தை மகளிடம் கொடுத்து வாசலில் உட்கார்ந்து சாப்பிடச் சொல்லி அனுப்பினாள். பிறகுதான் முகத்தை மூடிக்கொண்டாள். புருஷனுக்காக அழுகிறாள் என்று நினைத்து அவர் நின்றார். அவள் விரல்களுக்கு நடுவிலிருந்து பேசினாள்.

"நான் அவங்களை என்னவெல்லாம் பண்ணிட்டேன் தெரியுமாண்ணே? தினம் பண்ணேன். அவங்க வர்றதுக்கு முன்னாடியே இன்னிக்கு என்ன சொல்லி நோகடிக்கலாம்னு யோசிச்சு வச்சிருப்பேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட அவங்க திருப்பிப் பேசல."

"அது என்னாலதாம்மா."

"ஆமா, உங்களாலதான்," என்றாள். "என் புருஷன் போனதையாவது கண்ணசந்துட்டீங்கன்னு விட்டுருவேன். இது முழிச்சிருந்து பண்ணது."

அவர் வந்த வழியே நடந்தார். தெருவில் இரண்டு பேர் தோள் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். அவர்களிடமும் சொன்னார். லாரி ஷெட்டுக்குப் போய் அங்கேயும் சொன்னார். வக்கீலிடம் சொன்னபோது அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, இதையெல்லாம் எதற்கு இப்போது கிளறுகிறீர்கள் என்றார். எழுதிக்கொள்ளுங்கள் என்றார் டிரைவர்.

சின்னவள் அன்று வேலைக்குப் போகவில்லை. சாயங்காலம் டிரைவரம்மாவின் வீட்டுக்கு வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள், உள்ளே காலெடுத்து வைக்க வரவில்லை.

"அக்கா," என்றாள்.

டிரைவரம்மா அவளைப் பார்த்தாள். உலர்த்திய துணிகளை ஏற்கெனவே மடித்து ஒரு பையில் வைத்திருந்தாள். நாலு புடவை, ஒரு போர்வை, சீப்பு. எங்கே போவது என்று அவள் தீர்மானிக்கவில்லை. போகவேண்டும் என்பதை மட்டும் தீர்மானித்திருந்தாள்.

"உங்க வீட்ல இடம் இருக்குமாடி?" என்று கேட்டாள்.

சின்னவள் பையைக் கையில் வாங்கிக்கொண்டாள். ஒருத்தி மற்றவளிடம் மன்னிப்புக் கேட்டதாக யாருக்கும் தெரியாது. ஆறு வீடு தள்ளி நடந்தார்கள். டிரைவர் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தார். போகாதே என்று சொல்லத் தனக்கு வாய் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு மூன்று நாளில் கோபம் தணிந்து திரும்பிவிடுவாள் என்று தெருவில் சொன்னார்கள். மழைக்காலம் முடிந்தது. அவள் திரும்பவில்லை. மாசத்துக்கு ஒரு தடவை, அவர் இல்லாத நேரம் பார்த்து வந்து வீட்டைத் துடைத்துவிட்டுப் போவாள். ஷெட்டில் மூன்றாம் சல்லடைக்கு மறுபடி அவரவர் முறைக்கு அவரவர் என்று ஆனது. டிரைவரம்மாவின் முறையன்று சின்னவள் போய் நிற்பாள். இவள் விடமாட்டாள். அதில் இருவருக்கும் சச்சரவு வரும், மேற்பார்வையாளர் வந்து விலக்கவேண்டியிருக்கும். இருமல் மட்டும் போகவில்லை.

தினமும் காலை எட்டடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது இரண்டு பேரும் எடை மேடையைக் கடந்து போவார்கள். டிரைவர் அந்த நேரத்துக்கு எந்த லாரி வந்தாலும் கொஞ்சம் நிற்கவைத்துவிட்டு வெளியே வந்து நிற்பார். அவர்கள் நேரே பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள்.

குளிர் விடாத ஒரு காலையில் டிரைவரம்மா தனியாக வந்தாள். சின்னவளின் மகளுக்குக் காய்ச்சல். அவர் வழக்கம்போல நின்றுகொண்டிருந்தார். அவள் கடந்து போய், பத்தடி தள்ளி நின்றாள். திரும்பி வந்தாள். அவ்வளவு பக்கத்தில் அவளைப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. முன்நெற்றியில் முடி வெளுத்திருந்தது.

"ராத்திரியில தூக்கம் வருதா?" என்று கேட்டாள்.

வருகிறது என்று சொன்னால் அவள் நிம்மதியாகப் போவாளா, வருத்தப்படுவாளா என்று அவருக்குத் தெரியவில்லை. 

"வரல," என்றார்.

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கும்தான்," என்றாள்.

ஷெட்டில் மணி அடித்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேகமாக நடந்தாள். பின்னால் மேடையில் நின்ற லாரி இரண்டு தடவை ஹாரன் அடித்தது. அவர் போய் எண்ணைப் பார்த்து எழுதினார்.